டைனோ ஷீட்டின் மூலையில் இருக்கும் மூன்று எண்கள்

டைனோவில் (சக்கரத்தை உருளைமேல் சுழலவிட்டு வண்டியின் பவரை அளக்கும் கருவி) எடுத்த கிராஃபைக் கையில் கொடுத்தால் வண்டிக்காரர்கள் முதலில் தேடுவது உச்சி ஹெச்பியைத்தான். என் கண் போவது ஷீட்டின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் மூன்று எண்களுக்கு. ரன் (ரோலரில் ஒருமுறை ஓட்டி அளப்பது) எடுத்தபோது காற்றின் வெப்பம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு. இந்த மூன்றும் இல்லாத ஷீட்டை வைத்துக்கொண்டு ஒரு வண்டியின் பவரைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. புதுச்சேரியில் வில்லியனூர் பக்கம், தகரக் கூரை போட்ட ஷெட்டில் ரோலர் டைனோ ஓட்டுகிறவன் நான். கடலூரில் இருந்தும் விழுப்புரத்தில் இருந்தும் வண்டிகள் வரும். மார்கழிக் காலையிலும் அக்னி நட்சத்திர மதியத்திலும் அதே ரோலரில் அதே மாதிரி வண்டிகளை ஏற்றிப் பார்த்ததில் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. எஞ்சின் காற்றை லிட்டர் கணக்கில் இழுக்கிறது. பெட்ரோல் எரிய வேண்டியதோ கிலோ கணக்கில். 1.5 லிட்டர் எஞ்சின் குளிரிலும் வெயிலிலும் அதே 1.5 லிட்டரைத்தான் இழுக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் காற்றின் எடை ஒன்றல்ல. கடல்மட்டத்தில் 15 டிகிரியில் ஒரு கனமீட்டர் உலர்ந்த காற்று 1.225 கிலோ. 25 டிகிரியில் 1.184 கிலோ. 40 டிகிரியில் 1.127 கிலோ. அதாவது 25ல் இருந்து 40க்குப் போனால் ஆக்சிஜன் ஏறக்குறைய 5 சதவீதம் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும், பவரும் குறையும்.

அப்படியானால் பவரும் அப்படியே 5 சதவீதம் விழ வேண்டுமே என்று கேட்பார்கள். நடைமுறையில் அதில் பாதி அளவுதான் விழுகிறது. குளிர்ந்த காற்று உள்ளே போகும்போது சூடான மேனிஃபோல்டிலும் போர்ட்டிலும் வால்விலும் பட்டு அதிகமாகச் சூடேறும். ஏற்கெனவே சூடாக இருக்கும் காற்று அங்கே குறைவாகத்தான் சூடேறும். ஆகவே வெளியே 15 டிகிரி வித்தியாசம் இருந்தாலும் சிலிண்டருக்குள் அவ்வளவு வித்தியாசம் இருப்பதில்லை. இன்னொன்று, காற்று சூடானால் அதில் ஒலியின் வேகம் கூடும். வால்வின் குறுகிய இடுக்கைத் தாண்டி ஓடும் வேகமும் அதோடு சேர்ந்து கூடும். இதனால்தான், வெவ்வேறு காற்றில் அளந்த ஹெச்பியை ஒரே அடிப்படைக் காற்றுக்கு மாற்றும் திருத்தச் சூத்திரங்களில் வெப்பநிலை நேரடியாக வராமல் வர்க்கமூலமாக வருகிறது.

எங்கள் டைனோ எஸ்ஏஇ (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த ஜே1349 முறையில் திருத்துகிறது. அது எடுத்துக்கொள்ளும் அடிப்படை 25 டிகிரி வெப்பம், 990 மில்லிபார் உலர்ந்த காற்றின் அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் நீராவியின் அழுத்தத்தைக் கழித்தது). கணக்கு இப்படி: 990ஐ அன்றைய உலர்ந்த காற்றின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். டிகிரியோடு 273ஐக் கூட்டி, 298ஆல் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை எடுக்க வேண்டும். இரண்டையும் பெருக்கி, 1.18ஆல் பெருக்கி, கடைசியில் 0.18ஐக் கழித்தால் திருத்தக் காரணி கிடைக்கும். அளந்த ஹெச்பியை அதனால் பெருக்கினால் திருத்திய ஹெச்பி. இந்த 1.18, 0.18 எங்கிருந்து வந்தன என்பது தெரிந்திருப்பது நல்லது. எஞ்சின் உண்டாக்கும் பவரில் 15 சதவீதம் பிஸ்டன் உராய்வு, பம்ப் என்று உள்ளேயே செலவாகி 85 சதவீதம்தான் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். காற்று மாறினால் எரிப்பில் வரும் பவர் மாறும். உராய்வு மாறாது. 1ஐ 0.85ஆல் வகுத்தால் 1.18, 0.15ஐ 0.85ஆல் வகுத்தால் 0.18. அவ்வளவுதான்.

கால்குலேட்டரை எடுத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அழுத்தம் மாறாமல் வெப்பநிலை மட்டும் 25ல் இருந்து 35க்குப் போனால் காரணி 1.02 ஆகிறது. பத்து டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம். 100 ஹெச்பி வண்டிக்கு 2 ஹெச்பி. மூவாயிரம், நாலாயிரம் கொடுத்து மாட்டும் பல சாமான்கள் தருவதாகச் சொல்லும் பவரும் இதே அளவுதான். சாமானால் கூடியதா, காற்றால் கூடியதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் டைனோவுக்குக் கொடுக்கும் காசு வீண்.

அழுத்தத்தைப் பற்றி எங்கள் ஊரில் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஜனவரியில் 1014 மில்லிபார் பக்கம் இருக்கும், மே மாதம் 1004 பக்கம். வருஷம் முழுக்க வித்தியாசம் ஒரு சதவீதம்தான். ஒரே நாளில் காலை பத்து மணிவாக்கில் கொஞ்சம் ஏறி, மாலை நான்கு மணிவாக்கில் இரண்டு மூன்று மில்லிபார் இறங்கும். புயல் சின்னம் கடலில் நிற்கும் நாட்களை விட்டுவிட்டால் இதற்கு மேல் ஆட்டம் கிடையாது. வெப்பமும் ஈரமும்தான் இங்கே ஆட்டுவிக்கின்றன.

ஈரத்தைப் பற்றித்தான் அதிகமாகத் தப்பாகப் பேசுகிறார்கள். ஈரப்பதம் 85 சதவீதம் என்று காலையில் ஆப்பில் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் காத்து கனமா இருக்கு, மதியம் காஞ்ச பிறகு எடுக்கலாமா அண்ணே" என்று கேட்பார்கள். அந்த சதவீதம் எஞ்சினுக்கு ஒன்றும் சொல்லாது. அந்த வெப்பத்தில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதுதான் அது. எஞ்சினுக்கு வேண்டியது நீராவியின் அழுத்தம். ஏனென்றால் நீராவி பிடித்துக்கொள்ளும் இடத்தில் ஆக்சிஜன் இருக்காது. 27 டிகிரியில் 85 சதவீதம் என்றால் நீராவி அழுத்தம் சுமார் 30 மில்லிபார். 38 டிகிரியில் 50 சதவீதம் என்றால் சுமார் 33 மில்லிபார். மதியம் காய்ந்து கிடப்பதாக நாம் நினைக்கும் காற்றில் நீராவி காலையைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது. காலையில் எடுப்பதே மேல்.

கடற்காற்றின் கதை இதைவிடச் சுவாரசியமானது. மே மாதத்தில் சில நாட்கள் மேற்கில் இருந்து அனல் அடிக்கும். அப்புறம் மதியத்தில் கிழக்கே இருந்து கடற்காற்று உள்ளே வரும். ஷெட்டில் எல்லோரும் "அப்பாடா" என்று மூச்சு விடுவோம். 40 டிகிரியும் 30 சதவீத ஈரமுமாக இருந்தது, சற்று நேரத்தில் 34 டிகிரியும் 65 சதவீதமுமாக மாறும். ஆறு டிகிரி இறங்கிவிட்டதே, பவர் ஏற வேண்டும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் கடற்காற்றுக்கு முன்னால் காரணி 1.040, பின்னால் 1.044. ஒன்றும் மாறவில்லை என்றே சொல்லலாம். வெப்பம் இறங்கியதால் கிடைத்த ஆக்சிஜனின் இடத்தை, கடலில் இருந்து வந்த நீராவி பிடித்துக்கொண்டது. நம் உடம்புக்கு இதம், எஞ்சின் மூச்சுக்கு அதே அளவு. வேறு ஒரு விதத்தில் மட்டும் நன்மை உண்டு. குளிர்ந்த, ஈரமான காற்றில் எஞ்சின் தட்டுவது (சிலிண்டருக்குள் பெட்ரோல் முறை தப்பி வெடித்து எரிவது) குறையும், அதனால் இசியூ, அதாவது எஞ்சினை நடத்தும் கணினி, இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்னால் இழுக்காமல் வைத்திருக்கும். அது எந்தத் திருத்தச் சூத்திரத்திலும் வராது.

திருத்தக் காரணி சரிசெய்வது வெளிக்காற்றை மட்டும்தான் என்பதை நன்றாகப் புரிய வைத்தது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து வந்த ஒரு தம்பியின் வண்டி. 1.5 லிட்டர் பெட்ரோல் செடான், டர்போ இல்லாதது. கம்பெனி ஏர்பாக்ஸை (காற்று ஃபில்டர் இருக்கும் மூடிய பெட்டி) கழற்றிவிட்டு, கூம்பு வடிவத் திறந்த ஃபில்டர் மாட்ட வேண்டும் என்று சாமானை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். முதலில் இருப்பதை அளப்போம் என்று காலையிலேயே ரோலரில் ஏற்றினோம். 27 டிகிரி. சக்கரத்தில் 97 ஹெச்பி, திருத்தினால் 99. அப்புறம் ஃபில்டரை மாட்டி முடிக்க மதியம் ஆகிவிட்டது. 38 டிகிரி. சக்கரத்தில் 92. அவர் முகம் வாடிவிட்டது.

"அண்ணே, காசு போட்டு மாட்டினதுக்கு அஞ்சு ஹெச்பி கொறஞ்சு போச்சா?"

"தம்பி, அதுல பாதி வெயிலு. திருத்திப் பாரு, 96.5 வருது. மீதி ரெண்டரைதான் இந்த ஃபில்டரு."

அந்த இரண்டரையைத் தேடத்தான் ஸ்கேனரை மாட்டினோம். ஓபிடி (ஸ்கேனரை வண்டியின் கணினியோடு இணைக்கும் சாக்கெட்) வழியாக இன்டேக் காற்றின் வெப்பத்தைப் பார்த்தால் ரன் தொடங்கும்போதே 61 டிகிரி. காலையில் கம்பெனி ஏர்பாக்ஸ் இருந்தபோது அதே இடத்தில் 34தான். டைனோவின் வெப்பமானி பானட்டுக்கு வெளியே, நிழலில் 38 டிகிரியை அளந்துகொண்டிருக்கிறது. எஞ்சினோ பானட்டுக்குள் ரேடியேட்டர் தள்ளிவிட்ட 60 டிகிரிக் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. காற்று மெலிந்தது ஒரு பக்கம் இருக்க, இன்டேக் சூடு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எஞ்சினைக் காப்பாற்ற இசியூ ஸ்பார்க் டைமிங்கைக் குறைக்கும். அதையும் ஸ்கேனரில் டிகிரி கணக்கில் பார்க்க முடிந்தது. ஃபில்டரைச் சுற்றி அலுமினியத் தகட்டில் ஒரு தடுப்பு அடித்து, முன் பம்பருக்குப் பின்னால் இருந்து ஒரு ஹோஸை இழுத்துவிட்டோம். வெயில் அதே 38தான். இன்டேக் 44க்கு இறங்கியது, சக்கரத்தில் 95 வந்தது, திருத்தினால் 99.7.

ஆக, காலையில் கம்பெனி ஏர்பாக்ஸுடன் 99, இப்போது 99.7. இந்த 0.7 ஹெச்பியைக் கூடிய பவர் என்று நான் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே வண்டியை ஒன்றுமே மாற்றாமல் திரும்பத் திரும்ப ஓட்டினாலே ஒரு சதவீதம் முன்னே பின்னே வரும். ஏர்பாக்ஸை வடிவமைத்த பொறியாளர்கள் குளிர்ந்த காற்று எங்கே கிடைக்கும் என்று பார்த்துத்தான் அதன் வாயை அங்கே வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் வாய் எங்கே திறக்கிறது என்று ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னாலோ ஃபெண்டர் பக்கமோதான் இருக்கும்.

வெப்பமானியை எங்கே வைப்பது என்பதில் ஒரு திருட்டும் நடக்கிறது. மேலே பார்த்த அதே பத்து டிகிரிக்கு 2 சதவீதக் கணக்குதான். வெப்பமானியை ரேடியேட்டர் ஃபேன் அடிக்கும் இடத்தில் தொங்கவிட்டால், பாவம் எஞ்சின் கொதிக்கும் காற்றில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு சாஃப்ட்வேர் ஹெச்பியைக் கூட்டிக் கொடுக்கும். கருவி வைத்திருக்கும் ஏசி அறையிலேயே வெப்பமானியும் இருந்தால் நேர் எதிர். ஷெட்டில் 42 டிகிரி, சாஃப்ட்வேருக்குத் தெரிவது 24 டிகிரி, வண்டிக்கு நியாயமாக வர வேண்டிய ஹெச்பி வராது. வெப்பமானி இருக்க வேண்டிய இடம் எஞ்சின் காற்றை இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில், வெயிலும் எஞ்சின் சூடும் நேரடியாகப் படாத இடத்தில். வண்டியை விடும்போது அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, நல்ல டியூனர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொரு வித்தை, எந்த முறையில் திருத்தியது என்பதைச் சொல்லாமல் விடுவது. சாஃப்ட்வேரில் எஸ்ஏஇ என்று ஒன்றும் எஸ்டிடி என்று ஒன்றும் இருக்கும். எஸ்டிடி பழைய முறை. 15.6 டிகிரியும் 1013 மில்லிபாரும் அடிப்படை. அதே ரன்னை எஸ்டிடியில் போட்டால் எஸ்ஏஇயைவிட ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 98 ஹெச்பி வண்டி மவுஸின் ஒரு கிளிக்கில் 102 ஆகிவிடும். மாற்றத்துக்கு முந்தைய ஷீட் எஸ்ஏஇ, பிந்தைய ஷீட் எஸ்டிடி என்று இருந்தால், அந்த வேலைக்குக் கூலி வாங்குவது எனக்குப் பிடிக்காத காரியம். ஜெர்மனியின் டிஐஎன் 70020 முறையோ 20 டிகிரி, 1013 மில்லிபார். ஹெச்பி, பிஎஸ் குழப்பம் வேறு இருக்கிறது. ஒரு ஹெச்பி 745.7 வாட், ஒரு பிஎஸ் 735.5 வாட். கம்பெனி விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் பிஎஸ், அதுவும் கிராங்கில், அதாவது எஞ்சின் தண்டிலேயே, அளந்தது. சக்கரத்தில் அளக்கும்போது கியர்பாக்ஸிலும் டயரிலும் போகும் இழப்பு கழிந்து குறைவாகத்தான் வரும். வண்டியில் கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

திருத்தத்துக்கும் எல்லை உண்டு. ஐஎஸ்ஓ 1585 என்ற சர்வதேசத் தரம் பெட்ரோல் எஞ்சினுக்கு, இழுக்கும் காற்று 15 முதல் 35 டிகிரிக்குள்ளும், காரணி 0.93 முதல் 1.07க்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் ஊர் மே மாத மதியம் அந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. அதனால் முக்கியமான டியூனிங் வேலையை நான் மே மாதத்தில் விடியற்காலையில் வைத்துக்கொள்கிறேன். ஐந்தரைக்கு ஷெட்டைத் திறந்தால் வெயில் ஏறுவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் தெருவில் ஓட்டுகிற வண்டிக்கு மேப் (இசியூ பார்த்து நடக்கும் டைமிங், பெட்ரோல் அளவுப் பட்டியல்) எழுதும்போது காலையில் மட்டும் பார்த்தால் போதாது. காலைக் குளிர்ச்சியில் தட்டாமல் ஓடிய டைமிங், மதியம் இசிஆரில் டிராஃபிக்கில் நின்றுவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது தட்டலாம். எனவே கடைசிச் சோதனையை மதியத்திலும் ஒருமுறை வைப்பேன். அது ஹெச்பிக்கு அல்ல, எஞ்சின் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க.

ரன் எடுக்கும் ஒழுங்குக்கு வருகிறேன். ஒரு மாற்றத்தால் பவர் கூடியதா என்று தெரிய, சூத்திரத்தைவிட நான் நம்புவது இந்த ஒழுங்கைத்தான். வண்டியை ஏற்றி ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கியதும் எடுக்கும் முதல் ரன்னைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கியர் ஆயிலும் டயரும் சூடாகும்வரை இழப்பு மாறிக்கொண்டே இருக்கும், ரீடிங்கும் ஏறிக்கொண்டே போகும். டயர் காற்று, கியர், பெல்ட் இறுக்கம், பானட் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, ஃபேன் எங்கே நிற்கிறது என எல்லாம் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரண்டு ரன்னுக்கு இடையில் கடிகாரத்தைப் பார்ப்பதைவிட ஸ்கேனரைப் பாருங்கள். இன்டேக் வெப்பம் முந்தைய ரன் தொடங்கிய அதே டிகிரிக்கு இறங்கியதும் அடுத்ததை எடுங்கள். புகைக் குழாயை வெளியே விட்டிருக்கிறார்களா என்பதும் முக்கியம். ஷெட்டுக்குள் சுற்றும் புகையை எஞ்சின் திரும்ப இழுத்தால் ஆக்சிஜன் குறையும், எந்தத் திருத்தமும் அதைக் கண்டுபிடிக்காது. அங்கே நிற்கும் பையன்களுக்கும் அது ஆபத்து.

எல்லாவற்றுக்கும் மேலாக, புதுச் சாமானை மாட்டி அளந்த பிறகு பழையதைத் திரும்ப மாட்டி இன்னொரு முறை அளக்க வேண்டும். பழையது, புதியது, மறுபடி பழையது. முதல் எண்ணும் மூன்றாவது எண்ணும் ஒத்துப்போனால்தான் நடுவில் வந்த எண்ணுக்கு மதிப்பு. மூன்றாவதும் ஏறியிருந்தால் ஏறியது ஆயில் சூட்டாலோ காற்றாலோதான். இதற்கு நேரம் ஆகும், வாடிக்கையாளர் அவசரப்படுவார். ஆனால் இதைச் செய்யாமல் 2 ஹெச்பி, 3 ஹெச்பி கூடியது என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

டர்போ வண்டிக்கு மேலே சொன்ன பெட்ரோல் கணக்கை அப்படியே போடக் கூடாது. டர்போ வண்டியில் இசியூ ஒரு குறிப்பிட்ட பூஸ்டை (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) பிடிக்கப் பார்க்கும். வெளிக்காற்று மெலிந்தால் வேஸ்ட்கேட்டை (புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) மூடி டர்போவை அதிகம் சுழற்றி ஈடுகட்டும். அதற்கு மேல் நாமும் திருத்தினால், குறையாத பவருக்கும் சேர்த்துக் கூட்டியதாகிவிடும். வெப்பத்தின் பாதிப்பு டர்போவில் வேறு வழியாக வருகிறது. அழுத்தத்தை இரண்டு மடங்காக்கும் ஒரு கம்ப்ரெஸர், திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் உள்ளே போகும் காற்று 118 டிகிரியில் வெளியே வரும். 38ல் போனால் 135ல் வரும். பதின்மூன்று டிகிரி வித்தியாசம் பதினேழாகப் பெருகுகிறது. அதை இறக்க வேண்டியது இன்டர்கூலர். சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் அதன் மேல் அடிக்கும் காற்றை ஷெட்டில் வைக்கும் ஃபேன் தர முடியாது. அதனால் டர்போ வண்டிகளுக்கு நான் திருத்தாத எண்ணையும் இன்டேக் வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தருகிறேன். டர்போ டீசலுக்கு ஐஎஸ்ஓ 1585ல் தனிச் சூத்திரமே இருக்கிறது.

கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ எடுத்த ஷீட்டை இங்கே கொண்டு வந்து ஒப்பிடச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவை கடல்மட்டத்துக்கு நானூறு மீட்டர் மேலே இருக்கிறது, பெங்களூர் தொள்ளாயிரம் மீட்டர். பெங்களூரில் உண்மையான அழுத்தம் 910 மில்லிபாரை ஒட்டித்தான் இருக்கும், டர்போ இல்லாத வண்டிக்குக் காரணி 1.13 வரை போகும். வானிலை ஆப்போ 1012 என்று காட்டும், ஏனென்றால் அது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். புதுச்சேரியில் ஆப்பில் பார்த்த அழுத்தத்தை டைனோவில் போட்டால் பெரிய பிழை வராது, ஊரே கடல்மட்டத்தில்தான் இருக்கிறது. பெங்களூரில் அதைப் போட்டால் அழுத்தத்துக்கான திருத்தமே இல்லாமல் போய், பவர் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவாகத் தெரியும். எனவே வெளியூரில் ரன் எடுக்கும்போது கிராஃபோடு திருத்தாத எண், காரணி, திருத்தும் முறையின் பெயர், வெப்பம், ஈரப்பதம், அந்த இடத்திலேயே கருவியால் அளந்த அழுத்தம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வாருங்கள். அவை கையில் இருந்தால் அந்த ஊர்க் காற்றைக் கழித்துவிட்டு இந்த ஊர்க் காற்றில் என்ன வர வேண்டும் என்று டைனோவில் ஏற்றுவதற்கு முன்னாலேயே கணக்குப் போட்டுவிடலாம்.